சின்னவளின் கணக்குத்தாள்

அன்பு மகளுக்கு,

நலம்தானே? மருமகனின் இடமாற்றம் என்ன ஆயிற்று என்று நீ சொல்லவே இல்லை. சரி, அது இருக்கட்டும். போன வாரம் சின்னவள் ஃபோனில் "எனக்குக் கணக்கு வராதாம் தாத்தா" என்றாள். அப்புறம் உன்னிடமிருந்தும் பேச்சில்லை. வேலை அதிகமாக இருக்கும். அப்படிச் சொன்னது யார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. பள்ளியில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

நீ அனுப்பிய தேர்வுத்தாளை வரி வரியாகப் பார்த்தேன். நீ மதிப்பெண்ணை மட்டும்தான் பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

40 பேர் உள்ள வகுப்பில் மாணவர், மாணவியர் விகிதம் 3:5. மாணவர் எத்தனை பேர்? 24 என்று எழுதியிருக்கிறாள். 40இல் ஐந்தில் மூன்று பங்கு 24தான், பெருக்கலும் வகுத்தலும் சுத்தமாக இருக்கின்றன. மொத்தம் எட்டுப் பங்கு என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. எட்டுக் கட்டங்களை வரையச் சொல், மூன்றுக்கு ஒரு நிறம், ஐந்துக்கு வேறு நிறம். ஒரு கட்டத்துக்கு 5 பேர் என்று அவளே கண்டுபிடிப்பாள். 15 தானாக வந்துவிடும். சூத்திரத்தை நீ முந்திக்கொண்டு சொல்லாதே.

சராசரிக் கணக்கில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 20 பேர் உள்ள வகுப்பின் சராசரி 60, 30 பேர் உள்ள வகுப்பின் சராசரி 70, இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு? 65 என்று எழுதியிருக்கிறாள். நான் பாடம் நடத்திய காலம் முழுக்கப் பிள்ளைகள் எழுதிய விடை அது. தப்பு என்று சொல்வதற்கு முன்னால், "எந்த வகுப்பில் ஆள் அதிகம்? சராசரி எந்தப் பக்கம் சாயும்?" என்று மட்டும் கேள். 65ஐவிடக் கொஞ்சம் கூட இருக்கும் என்பாள். அதற்கப்புறம் கூட்டட்டும்: 1200, 2100, மொத்தம் 3300. 50ஆல் வகுத்தால் 66. முதலில் ஊகம், பிறகு கணக்கு. போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40 என்றால் சராசரி வேகம் 50 இல்லை, 48 என்பதும் இப்படித்தான் புரியும். மெதுவாக வரும் பாதிக்கு நேரம் அதிகம் ஆகிறது, அதனால் சராசரி 40 பக்கம் சாய்கிறது.

நீ மனக்கணக்கில் கெட்டிக்காரி. நான் கேட்டு முடிப்பதற்குள் விடை சொல்வாய், எனக்கு அதில் எவ்வளவு பெருமை! ஆனால் அந்த வேகத்தை அவள் பக்கத்தில் உட்காரும்போது காட்டாதே. நீ நொடியில் விடை சொன்னால் அவள் யோசிப்பதையே விட்டுவிடுவாள். அவள் ஊகிக்கட்டும், தப்பாகவே ஊகிக்கட்டும்.

வரைபடக் கேள்விக்கு அவளுக்குச் சுழியம் போட்டது எனக்கு மனசு ஆறவில்லை. 55க்கு ஒரு பட்டை, 60க்கு ஒரு பட்டை. செங்குத்து அச்சு 50இல் தொடங்குகிறது. அதனால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல இரண்டு மடங்கு உயரம். குழந்தை "இரண்டு மடங்கு" என்று எழுதினாள். கண்ணால் கண்டதைத்தானே எழுதினாள்! எண்களைவிடப் படம் சட்டென்று மனதில் பதியும் என்பதற்காகத்தான் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் எண்களை வரைபடங்களாக அச்சிட்டார். அப்படிச் சட்டென்று பதிவதால்தான் பெரியவர்களும் ஏமாறுகிறார்கள். பட்டையைப் பார்க்கும் முன் அச்சு எங்கே தொடங்குகிறது, அளவுத்திட்டம் என்ன என்று விரல் வைத்துப் படிக்கச் சொல். அதே எண்களுக்குச் சுழியத்திலிருந்து இன்னொரு வரைபடம் அவளே போடட்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அவசரப்படாதே அம்மா. கணக்கு வராது என்ற பேச்சு வீட்டில் மட்டும் வேண்டாம். மூன்று தப்பிலும் அவள் யோசித்திருக்கிறாள், தாளிலேயே தெரிகிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், தூக்கம் கெடுக்காதே. மருமகனைக் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை அவளை ஃபோனில் கொடு, அந்த 48ஐ நான் சொல்லித்தருகிறேன். நீயும் பேசு.

அன்புடன்,
அப்பா