இண்டர்காம் மென்பொருள் மாற்றம்: வரும் சனிக்கிழமை இரவு

எல்லாருக்கும் வணக்கம். நம் குடியிருப்பின் இணையவழி இண்டர்காம் சர்வரில் சனிக்கிழமை இரவு 10 மணிக்குப் புதிய மென்பொருள் ஏற்றுகிறோம். 12 மணி வரை எந்த வீட்டு போனும் ஒலிக்காது, வாசல் காவலரைக் கைபேசியில்தான் கூப்பிட வேண்டும்.

சர்வர் வேலை பெரிதில்லை, அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய சாமான்கள்தான் தலைவலி. போனுக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்பும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர்; புதிய பதிப்பில் டிஎல்எஸ் 1.2-க்குக் கீழே எதையும் ஏற்கப்போவதில்லை, அதனால் பழைய ஃபர்ம்வேரில் (போனுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஓடும் போன்கள் சர்வரில் பதிவாகாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

1. போன் மெனுவில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் மாடல் பெயரும் ஃபர்ம்வேர் எண்ணும் இருக்கும். படமெடுத்து வியாழனுக்குள் இங்கே போடுங்கள்.

2. நீங்களாக அப்டேட் செய்ய வேண்டாம். பாதியில் கரன்ட் போனால் போன் திரும்ப எழாமலே போகலாம்.

3. சொந்த ரவுட்டர் வழியாக இணைத்திருப்பவர்கள் அதில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' (இணைய அழைப்புத் தகவலை ரவுட்டர் நடுவில் மாற்றும் வசதி) என்பதை அணைத்துவிடுங்கள். மணி அடித்து, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதே, பல நேரம் அதற்கு இதுதான் காரணம்.

4. அடாப்டரில் (பழைய கருவிகளை இணைய இண்டர்காமோடு இணைக்கும் பெட்டி) ஃபேக்ஸ் வைத்திருப்பவர்கள் தனியாகச் சொல்லுங்கள். குரலைச் சுருக்கும் ஜி.729 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஃபேக்ஸ் போகாது, ஃபேக்ஸுக்கென்றே உள்ள டி.38 அல்லது அவ்வளவு சுருக்காத ஜி.711 வேண்டும்.

5. ஞாயிறு காலை வாசலிலிருந்து சோதனை அழைப்பு வரும். பேசிவிட்டு வைத்துவிடாமல் கதவு திறக்கும் எண்ணையும் அழுத்திப் பாருங்கள். பேச்சு தெளிவாக இருந்தும் பொத்தான் சமிக்ஞை போய்ச் சேராமல் இருக்கலாம், இரண்டுக்கும் அமைப்பு வேறு.

லிஃப்ட் அவசர போனை இப்போதைக்குத் தொடவில்லை, அது பழைய கம்பி இணைப்பிலேயே இருக்கட்டும்.

படித்தவர்கள் வீட்டு எண்ணோடு "சரி" என்று பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் எந்த வீடு என்று எனக்குத் தெரியாது.