மாடு எப்படி திரும்பி வந்துச்சு?

ஏய் எருமை,

எப்படிடி இருக்க? உன் மெசேஜ் வந்து ஒரு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டிட்டு இருப்ப, இன்டர்னல் மார்க் ஏத்துற வேலைல மண்ட காஞ்சு போச்சு, இன்னிக்குதான் நிம்மதியா உக்காந்தேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல, மாடிப்படிதான் ஏற மாட்டேங்கறாங்க. நீ புது வீட்டுல பால் காய்ச்சிட்டு ஒரு போட்டோ கூட அனுப்பல, அத தனியா பேசிக்கறேன்.

பசங்க கட்டுரைய பசங்களே படிச்சு கருத்து சொல்ற மாதிரி பண்றியாமே, எப்படி போகுதுன்னு கேட்டிருந்த. நாசமா போயி, அதுக்கப்புறம் இப்பதான் நல்லா போகுது.

முதல்ல கூகுள் டாக்ஸ்தான். பி.காம் ரெண்டாம் வருஷ இங்கிலீஷ் கிளாஸ், ஒரே ஃபைல், லிங்க் இருந்தா யார் வேணா எடிட் பண்ணலாம்னு வச்சு வாட்ஸப் குரூப்ல தட்டிவிட்டேன். எவ்ளோ பெரிய முட்டாள்தனம் பாரு! லிங்க் வழியா வர்றவங்களுக்கு கூகுளே ஒரு மிருகப் பேர் வைக்குமே, மேல வரிசையா அனானிமஸ் கேப்பிபாரா, அனானிமஸ் வாம்பேட்னு மிருகக்காட்சி சாலை மாதிரி வந்து நிக்குது, எது எவன்னு தெரியல. எல்லாரும் போன்ல வேற. எவனோ காப்பி பண்றேன்னு செலக்ட் ஆல் குடுத்து கை தவறி அழிச்சிட்டான், கண்ணு முன்னாடி பதினோரு கட்டுரை காணோம். "மேடம் என் கட்டுரை மேடம்"னு ஒரு பொண்ணு அழாத குறையா வாய்ஸ் நோட் போடுது. அப்புறம் லேப்டாப்ல வெர்ஷன் ஹிஸ்டரிக்குள்ள போய் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி இருந்தத ரீஸ்டோர் பண்ணேன், அப்பதான் மூச்சே வந்துச்சு.

அடுத்த தடவ ஆளுக்கு ஒரு ஃபைல், மத்தவங்களுக்கு அவங்கவங்க மெயில் ஐடிக்கு கமென்டர் பர்மிஷன் மட்டும். அழிக்க முடியாது, பக்கத்துல எழுதலாம், அவ்ளோதான். ஆனா பேர் தெரியுதுல்ல, அதனால எல்லாத்துலயும் "சூப்பர் மச்சி", "செம", ஒரு தம்ஸ் அப். ஒருத்தன் வெறும் தலைப்பு மட்டும் இருந்த ஃபைலுக்கு "நல்லா எழுதியிருக்க"ன்னு போட்டிருந்தான்டி!

சரின்னு மூடில்னு (Moodle) காலேஜ்ங்க ஆன்லைன் கிளாஸுக்கு வச்சிருக்கற சாஃப்ட்வேர்ல இருக்கற ஒர்க்‌ஷாப்புக்கு மாறினேன். யார் யாரோடத படிக்கணும்னு அதுவே குலுக்கிப் போட்டு பிரிச்சுக் குடுக்கும், பேர மறைச்சுடலாம். மார்க் ரெண்டு வகை, எழுதினதுக்கு 80, அடுத்தவங்களோடத மதிப்பிட்டதுக்கு 20, நாம மாத்தாம விட்டா அப்படித்தான் வரும். ஆஹான்னு இருந்தேன். ரிசல்ட்ட பாத்தா கிளாஸ்லயே பொறுப்பா படிக்கற பொண்ணுக்கு அந்த இருபதுல கம்மி! ஏன்னு நோண்டினா விஷயம் இதுதான், ஒரு கட்டுரைக்கு மூணு பேர் மார்க் போடறாங்க, அந்த சராசரிக்கு யாரு கிட்ட இருக்காங்களோ அவங்கதான் சரின்னு அது முடிவு பண்ணுது. ரெண்டு பேர் படிக்காமலே பத்துக்கு பத்து, இவ உக்காந்து படிச்சு அஞ்சு. சராசரி 8.33. சோம்பேறிங்க ரெண்டு பேருக்கும் முழு மார்க், படிச்சவளுக்கு வெட்டு. எனக்கு வந்த கோவம் இருக்கே.

வழி இருக்கு. நாமளும் ஒரு மதிப்பீடு போட்டு அதுக்கு வெயிட் கூட்டலாம். நானும் அதே கட்டுரைக்கு அஞ்சு குடுத்து வெயிட்ட 3ன்னு வச்சேன், அதாவது என் ஒரு மார்க்க மூணு பேர் போட்ட மாதிரி எண்ணும், சராசரி 6.67க்கு இறங்குச்சு, அந்தப் பொண்ணு பக்கம் திரும்பிருச்சு. ஆனா எல்லா கட்டுரையும் நானே படிக்கணும்னா அப்புறம் எதுக்கு இதெல்லாம், சொல்லு?

அதனால இப்ப பசங்க மார்க்கே போட வேணாம்னு விட்டுட்டேன். திரும்ப கூகுள் டாக்ஸ், ஒரே ஒரு கேள்வி, எந்த வரில புரியாம நின்னீங்க, அங்க கமென்ட் போடுங்க. தமிழ்லயே போடுங்கன்னும் சொல்லிட்டேன், எழுதறதுதான் இங்கிலீஷ்ல இருக்கணும், கேக்கறதுக்கு என்ன. போன வாரம் ஒருத்தன் ஊர் சந்தைய பத்தி எழுதியிருந்தான், அதுக்கு பக்கத்துல ஒரு கமென்ட், "ரெண்டாவது வரில உங்க தாத்தா மாட்ட வித்துட்டாரு, கடைசில அதே மாடு வீட்டு வாசல்ல நிக்குது, எப்படி திரும்பி வந்துச்சு?" நான் படிச்சப்ப எனக்கே அது தோணலடி, கிராமர் தப்ப சுழிச்சிட்டு போயிருக்கேன்! அவன்கிட்ட கேட்டா, வித்துட்டு வர்ற வழியிலயே தாத்தா மனசு கேக்காம திரும்பிப் போய் காச குடுத்துட்டு ஓட்டிட்டு வந்தாராம், அத எழுதவே மறந்துட்டானாம். அன்னிக்கு ராத்திரியே ஒரு பாரா சேத்துட்டான், அந்த ஃபைல்லயே நல்ல பாரா அதுதான்.

நாம எம்.ஏ. படிக்கறப்ப உன் டெசர்ட்டேஷன் முதல் சாப்டர பென்சில்ல கிறுக்கி குடுத்தேன்னு ரெண்டு நாள் என்கிட்ட பேசாம இருந்தியே, ஞாபகம் இருக்கா? வீடு மாத்தும்போது அந்த பேப்பர தூக்கிப் போடாம வச்சிருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பசங்களுக்கு காட்டணும். நீ திருப்பி கிறுக்கின பக்கமும் சேத்துதான்.

அண்ணன கேட்டதா சொல்லு. பொங்கலுக்கு வர்றியா இல்லையா?