பெற்றோருக்கு: அரையாண்டு விவரமும், மதியப் பந்தியில் நடப்பதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டோம், பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கணக்கு பரவாயில்லை, ஆங்கிலத்துக்கு இன்னும் உழைக்கணும். கோகோ அணி நன்றாக ஆடியது. மழையில் விட்டுப்போன பாடங்களைச் சனிக்கிழமைகளில் முடித்தாயிற்று. சத்துணவுக் கூடத்துக்குப் புதுப் பாய் வாங்கித் தந்த முன்னாள் மாணவர்களுக்கு நன்றி.

சரி, அந்தப் பாயில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைத்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிற பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் இந்த வருஷம் நம்மிடம் சேர்ந்திருக்கிறார்கள். மதியம் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் பக்கத்துப் பிள்ளைகள் தட்டோடு எழுந்து போய்விடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எழுதக் கூசும் பட்டப்பெயர்தான். ஏம்ப்பா என்று கேட்டால், "எங்க வீட்ல அப்படித்தான் டீச்சர் சொல்லுவாங்க" என்கிறார்கள். உங்களில் சிலர் அலுவலகத்துக்கே வந்து, "தனி வரிசை போட்டுடுங்க டீச்சர், சண்டையே இருக்காது" என்று தன்மையாகத்தான் கேட்டீர்கள். பேன் வரும், தமிழ் கெட்டுப்போகும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. (பேன் எந்த ஊர்த் தலை என்று பார்த்து ஏறுவதில்லை.) ஆனால் தனி வரிசை மட்டும் இந்தப் பள்ளியில் கிடையாது.

வளர்ந்த ஆளே மாறமாட்டான், பிள்ளையா மாறப்போகுது என்று ஒரு அப்பா கேட்டார். மாறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் சி.பி.எல்லிஸ் என்று ஒருவர், கறுப்பினத்தவரை வெறுப்பதற்கென்றே இருந்த கூ கிளக்ஸ் கிளான் அமைப்பின் உள்ளூர்த் தலைவர். 1971இல், வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிப்பது பற்றி ஊரே கூடிப் பேசிய கூட்டங்களுக்கு அவரையும் ஆன் அட்வாட்டர் என்ற கறுப்பினப் பெண்மணியையும் இணைத் தலைவர்களாகப் போட்டார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாது. பத்து நாள் ஒரே மேசையில் வேலை பார்த்ததில், இரண்டு பேருமே இல்லாதப்பட்டவர்கள், இரண்டு பேர் பிள்ளைகளும் பள்ளியில் ஒரே மாதிரி அவமானப்படுகிறார்கள் என்று தெரிந்தது. கடைசி நாள் எல்லிஸ் தன் உறுப்பினர் அட்டையை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டார். 2005இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்கில் பேசியது அதே அட்வாட்டர்தான்.

இதில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சும்மா பக்கத்தில் உட்கார வைத்தாலும் போதாது, சில சமயம் வெறுப்பு கூடவே செய்யும். சமமான இடம், சேர்ந்து முடிக்க ஒரு வேலை, பெரியவர்களின் ஆதரவு, இதெல்லாம் இருந்தால்தான் பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதினார். அதனால்தான் ஐந்தாம் வகுப்பில் காவிரிப் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, மற்றவர்களுக்குச் சொல்ல வைத்தோம். மேட்டூர் அணை ஒரு பீகார்ப் பெண்ணுக்கு வந்தது. அவள் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்காமல் மற்றவர்களுக்குப் பாடம் முடியாது, கேட்டார்கள், தப்பு வந்த இடத்தில் எடுத்தும் கொடுத்தார்கள். உடனே எல்லாரும் சிநேகிதம் ஆகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இப்போதைக்கு அவ்வளவுதான்.

மூன்றாவது தேவை, பெரியவர்களின் ஆதரவு, உங்கள் கையில் இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் 'வடநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள்' என்று ஒரு வீடியோவைப் போட்டிருக்கிறீர்கள். இதே வதந்தியால் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். அவரும் தமிழர்தான். இனி இப்படி எதையாவது பகிர்ந்தால் குழுவிலிருந்து நீக்குவேன், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் தகவல் போகும். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கமாட்டேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. போன இடத்தில் அவர்களை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இந்தச் சம்பா நடவுக்கு வங்காளத்து ஆட்களை அழைத்து வந்ததும் நாம்தானே?

கோபமாக எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள். சூளைப் பிள்ளைகளுக்குத் தினம் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் தமிழ் சொல்லிக் கொடுக்கிற பாட்டிக்கும், தன் மகனைக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைத்த அந்த அப்பாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். சூளையிலிருந்தும் பெற்றோர் வருவார்கள், இந்தி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடுங்கள். அறுவடை வேலை இருக்கும், தெரியும். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை