செயலாளர் ஆண்டறிக்கை: செடிக்கும் மணி தெரியும்

தோட்டச் சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம் எதுவும் விட்டுப்போகல, வரவு செலவ பொருளாளர் படிப்பாங்க, அதனால நான் நேரா விஷயத்துக்கு வரேன்.

வருஷ ஆரம்பத்துல ஒரு உறுப்பினர் கேட்ட கேள்விதான் எல்லாத்துக்கும் காரணம், அதே செடி, அதே மண்ணு, ஆனா சாயங்காலம் இலை நனையிற மாதிரி தண்ணி ஊத்துனா மட்டும் ஏன் நோய் ஜாஸ்தி வருதுன்னு. ராத்திரி பூரா ஈரம் காயாம நிக்குது, பூஞ்சைக்கு அது வசதின்னு நமக்கு தெரியும். ஆனா படிக்கப் படிக்க அது பாதி பதில்தான், மீதி நேரத்துல இருக்குன்னு புரிஞ்சுது.

செடிக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. 1729லயே தெ மைரான்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி தொட்டாச்சிணுங்கி மாதிரி ஒரு செடிய இருட்டுல வெச்சுப் பாத்தாரு, வெளிச்சமே இல்லாம இலை நேரத்துக்கு விரிஞ்சு மூடிச்சு. நோயோட இதுக்கு என்ன சம்பந்தம்னா, இலைய தாக்குற அடிச்சாம்பல் நோய்க் கிருமி ராத்திரில வித்து உண்டாக்கி விடியக்காலைல பரப்பும், ஆய்வகத்துல வளக்குற அரபிடாப்சிஸ்ங்கற சின்னச் செடில அதை எதிர்க்குற சில ஜீன்கள் சரியா விடியல்ல உச்சத்துக்கு வருது, நோய் வராத செடிலயும் வருதுங்க! எதிரி வர்ற நேரம் தெரிஞ்சு முன்னாடியே காவலுக்கு நிக்குது. 2011ல வந்த ஆய்வு இது, சிசிஏ1ங்கற கடிகார ஜீன கெடுத்துட்டா அந்த எதிர்ப்பு குறைஞ்சிடுதாம். மாசக் கூட்டத்துல இதைச் சொன்னப்ப எனக்கே மேலு சிலிர்த்துச்சு.

இலை தின்னுற புழு கதையும் அப்படித்தான், புழு பகல்ல மேயும், செடில புழுவ எதிர்க்க உதவுற ஜாஸ்மோனிக் அமிலம் பகல்லதான் ஏறும். செடியோட நேரத்தையும் புழுவோட நேரத்தையும் 12 மணி நேரம் தள்ளி வெச்சா செடிய ரொம்ப தின்னுடுது.

அதுக்காக பூஞ்சை சும்மா இல்ல. சாம்பல் பூஞ்சைன்னு வேற ஒரு நோய்ப் பூஞ்சை, அதுக்கும் சொந்தக் கடிகாரம் இருக்கு, அது பலமா தாக்குறது அந்தி நேரத்துல, அதோட கடிகார ஜீன எடுத்துட்டா இந்த நேர வித்தியாசமே போயிடுது. 2015ல வந்த வேலை.

ஆய்வகத்துல நடந்தது அப்படியே தோட்டத்துல நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் இலை மேல தண்ணி அடிக்கிற பழக்கத்த நான் விட்டுட்டேன், இப்பல்லாம் காலைல, வேர்ல மட்டும்.

செயற்குழு ஒரு தீர்மானம் வைக்குது: நோய்ப் பதிவு நோட்டுல செடி பேரு, தேதியோட தண்ணி விட்ட மணி, மருந்து அடிச்ச மணி ரெண்டையும் எழுதணும். ஒப்புதல் தரணும்னு கேட்டுக்கறேன், நோட்டு வாசல் மேஜைல இருக்கு.