மூன்று மைலுக்கு அப்பால் ஒரு வெளிச்சம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அறுவடை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். புரட்டாசி விதைப்பு முடிந்ததா? உளுந்தைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கனடாவில் சஸ்காட்செவன் மாகாணத்தின் தெற்கே இருக்கிற இங்கேயும் அதே மானாவாரிப் பிழைப்புதான். மழை, பனி எல்லாம் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 350 மில்லிமீட்டர். நம் கோவில்பட்டிக்குப் பெய்வதில் பாதிதான்.

"ஆளே இல்லாத காட்டில் எப்படியடா இருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் குடியிருப்பது ஸ்விஃப்ட் கரண்ட் டவுனில். மண்ணைச் சோதிக்க மாதிரி எடுக்கிற என் வேலை முழுக்க அதற்குத் தெற்கே, அமெரிக்க எல்லை வரைக்கும். சஸ்காட்செவனில் விவசாய நிலம் இருக்கிற பகுதியை 296 ரூரல் முனிசிபாலிட்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 'ஆர்.எம்.' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நம் ஊராட்சி மாதிரி வைத்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. தென்கிழக்கு மூலையில் ஆர்கைல், எண் 1. அங்கிருந்து மேற்கும் வடக்குமாக எண் ஏறிக்கொண்டே போகும். பொதுவாக 18 மைல் நீளம், 18 மைல் அகலம். அன்று நான் போனது 46, க்ளென் மெக்ஃபர்சன். அதன் பரப்பு 800 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அங்கே குடியிருப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. நம் தெருக் கல்யாணத்தில் முதல் பந்திக்கே அதைவிடக் கூட்டம் இருக்கும்.

வேலை முடிந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இங்கே 'கம்போ' என்று ஒரு களிமண் உண்டு. காய்ந்தால் வெடிப்பு விடும், நனைந்தால் காலை விடாது. அப்படியே நம் கரிசல்தான். சரளை போடாத பாதையில் வண்டியை விட்டுவிட்டேன். நூறு அடி போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அடைத்து இறுகிப்போனது. கம்பியால் குத்திக் குத்தி எடுத்தேன். கை சலித்ததுதான் மிச்சம். செல்போனில் சிக்னல் இல்லை, இருட்டிவிட்டது. சுற்றிலும் எங்கேயோ ஒரே ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் அந்த விளக்கு இருந்த பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். நான் யாரையும் கூப்பிடவில்லை. "உன் ஹெட்லைட் இருபது நிமிஷமாக நகரவில்லை, அதனால் வந்தேன்" என்றார். அவர் வீடு அங்கிருந்து மூன்று மைல்.

ஆளே இல்லை என்றாயே மாப்பிள்ளை, மூன்று மைலுக்கு அப்பால் நகராமல் நிற்கிற ஒரு வெளிச்சம்கூட இங்கே ஒருவர் கண்ணில் பட்டுவிடுகிறது.

சங்கிலி போட்டு இழுத்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தார். ரொம்ப நேரம் பேசினோம். அவருடைய தாத்தா பத்து டாலர் கட்டி 160 ஏக்கர் வாங்கினவராம். 1872ல் போட்ட சட்டம் அது. மூன்று வருஷம் குடியிருந்து உழுது காட்டினால் நிலம் சொந்தம். அதற்கு முன்னால் இது க்ரீ மக்களும் மற்றப் பூர்வகுடிகளும் காட்டெருமைக் கூட்டங்களும் நடமாடிய புல்வெளி. பெரியவரும் அதைத்தான் முதலில் சொன்னார், எனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் டாக்டர் கதை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட இடத்தில் டாக்டர் தங்கமாட்டார். வெள்ளாமை பொய்த்துவிட்டால் ஃபீஸ் கொடுக்க யாரிடமும் காசு இருக்காது. முதல் உலகப்போர் சமயத்திலேயே, சார்னியா என்ற ஆர்.எம். வரிப்பணத்தில் டாக்டருக்குச் சம்பளம் கொடுத்து அவரைப் போகவிடாமல் வைத்துக்கொண்டது. மற்ற ஊர்களும் அதைப் பின்பற்றின. 1946ல் ஸ்விஃப்ட் கரண்ட் சுற்றுவட்டாரம் முழுக்கச் சேர்ந்து எல்லாருக்கும் வைத்தியம் என்று ஆரம்பித்தார்கள். 1962ல் அது மாகாணத் திட்டம் ஆனது, அப்புறம் கனடா முழுமைக்கும் வந்தது. இதற்கெல்லாம் தொடக்கம், டாக்டர் ஊரைவிட்டுப் போய்விடுவாரே என்று பயந்த சில நூறு சம்சாரிகள். இதை யாரிடம் சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

குறையும் இருக்கிறது. 1936ல் இந்த மாகாணத்தில் 1,42,000 பண்ணைகளுக்கு மேல் இருந்தன. 2021ல் 34,000 சொச்சம்தான். மெஷின் பெரிதாக ஆக, பண்ணையும் பெரிதானது, வீடுகள் குறைந்தன. போகிற வழியில் காற்றுக்கு அணையாக நட்ட காரகானா வேலி வரிசையாக நிற்கும். (பட்டாணிக் குடும்பத்துச் செடி, எந்த வறட்சிக்கும் சாகாது.) உள்ளே எட்டிப்பார்த்தால் வீடு இருக்காது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ஒரு கல் மட்டும் இருக்கும். ஆள் குறைந்த ஆர்.எம்.களைச் சேர்த்துவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்தச் சாலைக்குச் சரளை போடுவது என்று முடிவு செய்கிற கவுன்சிலர், மறுநாள் காலையில் அதே சாலையில்தான் வண்டி ஓட்டப்போகிறார். அந்தக் கட்டுப்பாடு தூரத்து ஆபீசில் வருமா?

கிளம்பும்போது பணம் நீட்டினேன். வாங்கவில்லை. அதற்குப் பதிலாக என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு கை பருப்பை அள்ளிக் காட்டினார். நம் மைசூர் பருப்பு, தோல் உரிக்காதது. 1970களிலிருந்து சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் இந்த மண்ணுக்கேற்ற ரகங்களை உருவாக்கப்போய், இப்போது உலகத்துக்கே இவர்கள் அனுப்புகிறார்கள். 2017 கடைசியில் நம் அரசாங்கம் இதற்கு 30 சதவீத வரி போட்டபோது எவ்வளவு திண்டாடினார்கள் என்றும் சொன்னார். மனதில் கசப்பு இல்லாமல்தான் சொன்னார். முப்பது வருஷமாக விதைக்கிறாராம், சமைத்துச் சாப்பிட்டது மட்டும் இரண்டே தடவை. "உங்கள் ஊரில் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் ஹாலில் அறுவடை விருந்து. வான்கோழியும் உருளைக்கிழங்கும் வழக்கமாக இருக்கும். நான் பருப்பு செய்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் பூண்டு தட்டிப்போட்டு அம்மா வைக்கிற அந்தப் பருப்பு. அளவு கேட்டு உடனே அனுப்பு. அறுபது பேருக்கு வேண்டும். காரம் பாதி போதும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை