மெத்தைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீர்வரிசைக்குக் கட்டில் வாங்கச் செல்லும் குடும்பத்தினர், தேக்கா வேங்கையா என்று மரத்தைத் தட்டிப் பார்த்து அரை நாள் பேரம் பேசுகிறார்கள். மெத்தையைப் பற்றிக் கேட்டால், அது கட்டிலோடு இலவசமாக வருகிறது என்கிறார்கள். படுக்கப்போவது மரத்தின்மேல் அல்ல என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நடுத்தரக் குடும்பம் அன்றாட வசதிக்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடலாம் என்றால், கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் முன்பாக நல்ல இலவம் பஞ்சு மெத்தைக்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், வருசநாடு வட்டாரங்களில் இலவ மரங்கள் நிறைய உண்டு. இலவு காத்த கிளிக்குக் கிடைக்காத பலன் நமக்குக் கிடைக்கிறது. இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே கூடாக, காற்று நிரம்பியதாக இருக்கும். மேலே மெல்லிய மெழுகுப் படலம் இருப்பதால் நீரை எளிதில் ஏற்காது. கப்பல்களில் பயன்படும் உயிர்காப்புச் சட்டைகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். சித்திரை வெயிலில் ஃபோம் மெத்தையில் படுத்து முதுகு வேர்த்து எழுந்தவர்களுக்கு, இலவம் பஞ்சின் அருமையை விளக்கத் தேவையில்லை. தூசி ஒவ்வாமை உள்ளவர்களும், முதுகுவலிக்குச் சிகிச்சை பெறுபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சிக்கல் கலப்படத்தில் இருக்கிறது. மலிவு விலையில் விற்கப்படும் மெத்தைகள் பலவற்றில், மேலே ஒரு படலம் இலவம் பஞ்சும் உள்ளே ஆலைக் கழிவுப் பஞ்சும் பழைய மெத்தைகளைப் பிரித்தெடுத்த பஞ்சும் இருக்கின்றன. தைத்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், பஞ்சை நம் கண்முன் எடைபோட்டு அடைத்துத் தரும் கடையில் வாங்குவதே பாதுகாப்பு. ஒரு பிடி பஞ்சை எடுத்துப் பார்த்தால் நல்ல இலவம் பஞ்சு இளமஞ்சள் கலந்த வெண்மையாகப் பட்டுப்போல் மினுங்கும். கையில் இறுக்கிப் பிடித்து விட்டால் மெல்ல உப்பி எழும். கொட்டையும் சக்கையும் அதிகம் தட்டுப்படாது. ஐயம் தீரவில்லை என்றால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போடலாம். இலவம் பஞ்சு நனையாமல் மிதந்துகொண்டே இருக்கும். கழிவுப் பருத்தி அவ்வளவு நேரம் மிதக்காது, மெல்ல நீரை உறிஞ்சத் தொடங்கும்.

மேலுறைக்கும் நெருக்கமாக நெய்த கெட்டித் துணியாகக் கேட்டு வாங்க வேண்டும். இழை மிக நுண்ணியது என்பதால் தளர்வான துணி வழியாக வெளியேறி அறையெங்கும் பறக்கும்.

இவ்வாறு பார்த்து வாங்கும்போது, சாதாரண மெத்தையைவிட மூவாயிரம் ரூபாய் கூடுதலாகிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகள் பயன்படுத்தினால் அது நாளொன்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஆனால் பத்து ஆண்டுகள் உழைக்க வேண்டுமானால், அவ்வப்போது வெயிலில் காயவைப்பதோடு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சை அடித்துத் திரும்பத் தைக்கவும் வேண்டும். அந்தக் கூலியில் பேரம் பேசுவதை நாம் நிறுத்தலாம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பஞ்சுத் தூசிக்குள் நின்று வேலை செய்து, பஞ்சு ஒருபக்கம் ஒதுங்காதபடி நீள ஊசியால் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டுத் தருகிற தொழிலாளி கேட்பது, நாம் ஒரு வேளை ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிடுவதற்கு ஆகும் தொகையைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. கட்டுப்படியாகாமல் இவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால், மெத்தை சற்று அமுங்கியதும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதைத் தவிர நமக்கு வேறு வழி இராது.

காதி விற்பனை நிலையங்களிலும் இலவம் பஞ்சு மெத்தையும் தலையணையும் கிடைக்கின்றன. எங்கே வாங்கினாலும், அடைக்கப்பட்டது எந்த வகைப் பஞ்சு, எத்தனை கிலோ, புதியதா மறுபயன்பாடா என்பதைத் துணியிலேயே தைத்த சீட்டிலும் ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தினால், கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் தயங்காமல் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.