கப்பலுக்குப் பணம் கட்டியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரேசிலுக்குக் குடியேறிய இத்தாலியர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத விஷயம்; பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ‘வெறுங்கையோடு வந்தார்கள், உழைப்பால் உயர்ந்தார்கள்’ என்பதற்குள் ஐம்பது வருஷச் சரித்திரத்தையும் கட்டுரையாளர் அடக்கிவிட்டார். அவர்கள் உழைத்ததை நான் மறுக்கவில்லை. வெறுங்கையோடு வந்தவர்களுக்குக் கப்பல் கட்டணம் யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் குறை.

பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13 அன்று. அது வரப்போகிறது என்று சாவோ பாவுலோவின் காபி முதலாளிகளுக்கு முன்பே தெரியும். 1886லேயே மார்ட்டின்யோ பிராடோ என்ற தோட்ட அதிபரை முன்னிறுத்திக் குடியேற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். சங்கம் ஆள் திரட்டும், அரசுக் கஜானா டிக்கெட் எடுக்கும். தனி ஆளுக்கு அந்தச் சலுகை இல்லை; விவசாயக் குடும்பமாக வர வேண்டும். குடும்பமாக வந்தால் பெண்டு பிள்ளைகளின் கைகளும் களையெடுக்கக் கிடைக்கும், நினைத்தவுடன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பவும் முடியாது. ஆள் வரத்து எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவுக்குக் கூலி ஏறாமல் இருக்கும் என்பதுதான் கணக்கு. வட இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் மக்காச்சோளக் களியே கதியென்று கிடந்து பெலாக்ரா என்ற சத்துக்குறை நோயில் வாடிய ஜனங்களுக்கு இலவச டிக்கெட் தெய்வச் செயலாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அதே நேரத்தில், தலைமுறை தலைமுறையாக அந்தக் காபியை நட்டுப் பறித்த கறுப்பின மக்களுக்கு விடுதலைச் சட்டம் ஒரு சென்ட் நிலமோ இழப்பீடோ தரவில்லை. அவர்களுக்குக் கூலி கொடுத்து அமர்த்திக்கொள்வதற்குப் பதிலாகக் கடல் கடந்து ஆள் கொண்டுவரப் பொதுப்பணம் செலவானது. அடுத்து 1890 ஜூன் 28ஆம் தேதி ஆணை, எண் 528. குடியேற வருவோருக்கு நாட்டின் துறைமுகங்கள் எல்லாம் திறந்தே இருக்கும் என்று அறிவித்துவிட்டு, ஆசிய, ஆப்பிரிக்க மக்களை மட்டும் விலக்கியது. நாடாளுமன்றத்தின் அனுமதி இருந்தால்தான் அவர்கள் இறங்கலாம். அதாவது நம்மைப் போன்றவர்கள் சொந்தக் காசில் போனாலும் சாந்தோஸ் துறைமுகத்தில் வரவேற்பு இல்லை. நாட்டை ‘வெள்ளையாக்க’ வேண்டும் என்று அன்றைய மேல்தட்டினர் மேடையிலேயே பேசினார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு சமூகத்தின் உழைப்பை மட்டும் புகழ்ந்தால், வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் சோம்பேறிகள் என்று மறைமுகமாகச் சொன்னதாக ஆகிவிடாதா?

இப்படிச் சொல்வதால் இத்தாலியர்கள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று அர்த்தமில்லை. கட்டுரையில் இரண்டே வரியில் கடந்துபோன தோட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் விரித்திருக்கலாம். குடும்பத்தோடு ஓராண்டு ஒப்பந்தம் போடுவார்கள். ஆயிரம் காபி மரத்துக்கு இவ்வளவு என்று களையெடுப்புக் கூலி. அறுவடைக்குத் தனியே அளந்து கூலி. வளர்ந்த ஆண் ஒருவர் இரண்டாயிரம் மரம் வரை பார்த்துக்கொள்வார். அந்த ரொக்கத்தைவிட முக்கியமான ஒன்று ஒப்பந்தத்தில் இருந்தது: காபி வரிசைகளுக்கு நடுவே சோளமும் பீன்ஸும் ஊடுபயிராகப் போட்டுக்கொள்ளும் உரிமை. மரம் இளசாக இருக்கும்வரைதான் ஊடுபயிருக்கு வெயில் கிடைக்கும். அதனால் புதுத் தோட்டம் எங்கே போடுகிறார்கள் என்று விசாரித்து, அறுவடைக் கணக்கு முடிந்ததும் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. சாப்பாட்டுக்குப் போக மீந்த சோளத்தை விற்றுத்தான் பலர் நாலு காசு சேர்த்தார்கள். இன்னொரு பக்கம் தோட்டக் கடையில் ஏறும் பற்று, வேலைக்கு வராத நாளுக்கு அபராதம், எதிர்த்துப் பேசினால் அதற்கும் அபராதம். அடிமைகளை மேய்த்துப் பழகிய கண்காணிகள் புதிதாக வந்தவர்களிடமும் அதே குரலில்தான் பேசினார்கள்.

இலங்கைத் தோட்டங்களின் கதை தெரிந்த நம் வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1869இல் அங்கே தென்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுக்குள் இலங்கைக் காபியைத் துடைத்துப் போட்டது. பிரேசில் காபிக்கு ஒரு போட்டி ஒழிந்தது. இலங்கைக்குப் போன தமிழர்கள் கங்காணியிடம் பட்ட முன்பணக் கடனோடு போனார்கள். அந்தக் கடனைக் குறித்த ‘துண்டு’ கைமாறினால் ஆளும் கைமாற வேண்டும். இத்தாலியருக்குப் பயணக் கடன் கிடையாது. இந்த ஒரு வித்தியாசமே ஒரு தலைமுறையின் சேமிப்பைத் தீர்மானிக்கப் போதும்.

1890களின் பிற்பாதியில் காபி விளைச்சல் மிதமிஞ்சிப் போய் விலை சரிந்தது. கூலி குறைந்தது, பல தோட்டங்களில் கூலியே நிலுவையில் நின்றது. 1900இல் ஆஞ்செலோ லோங்காரெட்டி என்ற இத்தாலியத் தொழிலாளி தன் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமை பொறுக்காமல் தோட்ட அதிபர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் காம்போஸ் சாலெஸின் சொந்தச் சகோதரர். இந்த வழக்கு பெரும் பரபரப்பானது. அடுத்து இத்தாலிய அரசு ஆளனுப்பி விசாரித்தது. 1902 மார்ச்சில் பிரினெட்டி ஆணை வந்தது. இங்கே ஒரு திருத்தம்: ‘பிரேசிலுக்குப் போகவே இத்தாலி தடை விதித்தது’ என்று கட்டுரையில் இருக்கிறது. அப்படி இல்லை. பிறர் கட்டணம் கட்டி ஆள் ஏற்றிச் செல்வதைத்தான் அந்த ஆணை நிறுத்தியது. சொந்தக் காசில் போவதற்குத் தடையே இல்லை. போகத்தான் ஆள் குறைந்துவிட்டார்கள்! அதன்பின் சில ஆண்டுகள் சாவோ பாவுலோவுக்கு வந்தவர்களைவிட வெளியேறியவர்களே அதிகம். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 1908இல் ‘கசாட்டோ மாரு’ கப்பலில் ஜப்பானியர்கள் வந்து இறங்கினார்கள். சீனருக்கும் ஜப்பானியருக்கும் 1892லேயே தடையைத் தளர்த்தி வைத்திருந்தார்கள்.

வெற்றிக்கு உதாரணமாகப் பிரான்செஸ்கோ மடராசோவைக் காட்டியிருப்பதும் பொருந்தவில்லை. அவர் தோட்டக் கூலியாக வந்தவரே அல்ல. காஸ்டெல்லாபாட்டே என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, 1881இல் வந்து, சொரோகாபாவில் பன்றிக் கொழுப்பு வியாபாரத்தில் தொடங்கிப் பெரும் ஆலை அதிபரானவர். சாவோ பாவுலோவின் இத்தாலிய முதலாளிகள் பலர் இப்படி வியாபாரப் பின்னணியில் வந்தவர்கள்தான். களையெடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் நகரத்துக்கு வந்து சேர்ந்தது அந்த ஆலைகளின் தறிகளுக்கு. 1917 பொது வேலைநிறுத்தம் தொடங்கியது மோக்கா பகுதியிலிருந்த கிரெஸ்பி பஞ்சாலையில். முதலாளியும் இத்தாலியர், தொழிலாளர்களில் பெரும்பாலோரும் இத்தாலியர். உலகப் போரில் இறங்கியிருந்த தாய்நாட்டுக்கு என்று சொல்லிக் கூலியில் பிடித்தம் செய்ததும் அவர்களுடைய மனக்குறைகளில் ஒன்று. தாய்நாட்டுப் பாசம் யார் சம்பளத்தில் கழிந்தது பாருங்கள்.

தென்கோடி ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தின் கதை முற்றிலும் வேறு. 1875 முதல் அங்கே போனவர்களுக்கு ஏறத்தாழ 25 ஹெக்டேர் மனைகளைத் தவணையில் விற்றார்கள். காஷியாஸ் டோ சுல் பகுதியில் இன்று திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையுமாக இருப்பது அப்படி வந்ததுதான். அந்த மலைக்காடு ஆளில்லாக் காடு அல்ல, கைங்காங் பழங்குடிகளுடையது. கட்டுரையில் அந்தப் பெயரே காணோம். அங்கே குடியேறிய இத்தாலியர்கள் பேசிய, வெனெட்டோ வழி வந்த தாலியன் மொழியை 2014இல் பிரேசில் அரசு பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இதே மொழியைத்தான், இத்தாலி எதிரி நாடாகிவிட்ட இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளியிடத்தில் பேசக் கூடாது என்று தடுத்தார்கள். சாவோ பாவுலோவின் ‘பலேஸ்ட்ரா இத்தாலியா’ கால்பந்துக் கழகம் 1942இல் பல்மெய்ராஸ் ஆனதும், பெலோ ஒரிசோன்டேயில் அதே பெயரிலிருந்த கழகம் க்ருசெய்ரோ ஆனதும் அந்த நெருக்கடியில்தான். கால்பந்து பற்றி ஒரு பத்தியே எழுதிய கட்டுரையாளர் இதை எப்படித் தவறவிட்டார் என்று தெரியவில்லை.

கடைசியாக, ‘இவர்களில் யார் வேண்டுமானாலும் இத்தாலியப் பாஸ்போர்ட் வாங்கலாம்’ என்ற வாக்கியம் பழைய செய்தி. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி எத்தனை தலைமுறை தாண்டினாலும் விண்ணப்பிக்க முடிந்தது உண்மை. 2025 மார்ச்சில் வந்த அவசரச் சட்டம், பின்பு மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வடிவில், அதைப் பெரும்பாலும் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற அளவோடு நிறுத்திவிட்டது. 1880, 90களில் வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளில் புதிதாக விண்ணப்பிப்போருக்கு அநேகமாகக் கதவு மூடியாயிற்று. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது போடுங்கள்; நம் வாசகர் யாராவது பிரேசில் நண்பருக்குத் தப்பான நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது.

கட்டுரையின் முதல் படத்துக்குக் கீழே ‘சாந்தோஸ் துறைமுக விடுதி’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் கட்டடம் துறைமுகத்தில் இல்லை. சாவோ பாவுலோ நகரில் பிராஸ் பகுதியில் இருக்கிறது. கப்பலில் வந்தவர்களை ரயிலேற்றி நேரே அங்கே கொண்டுவருவார்கள். தோட்டங்களுக்கு ஆள் அமர்த்தியதும் அங்கேதான். இப்போது குடியேற்ற அருங்காட்சியகமாக இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோத்தகிரி.